எட்டுப் பேர் உள்ளே, ஒருத்தி வெளியே

சலூன்காரர் சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேச முடியாது. அந்த வசதியை அவர் நன்றாகவே பயன்படுத்திக்கொள்வார்.

"அந்தக் கண்ணாடிக் கட்டடம் இருக்குல்ல சார், போன்ல குறை கேக்குறாங்களே, அங்க மூணாவது மாடியில ஒரு அம்மா இருக்கு. வேலையை விடறேன்னு அதுகிட்ட போனவன் ஒருத்தன்கூட விட்டுட்டு வந்தது கிடையாது. ஒரே ஒரு கேள்வி கேக்குமாம். அவ்ளோதான், பொட்டிப்பாம்பா திரும்பிப் போய் உக்காந்துக்கிறானுங்க."

"என்ன கேள்வி?"

"அதை எவனும் வெளிய சொல்ல மாட்டேங்கிறான். எங்க மாப்பிள்ளையே நாலு தடவை போயிருக்கார். போகும்போது புலி. வரும்போது பூனை. எம் பொண்ணு சொல்றா, அது மந்திரமாம். சும்மா மந்திரம் இல்ல, படிச்ச மந்திரம். காலேஜ்ல பட்டமே தர்றாங்களாம்."

ஊரில் உலவும் வதந்திகளை எல்லாம் துரத்திக்கொண்டு ஓட என் கால்களுக்குத் தெம்பில்லை. ஆனால் மந்திரத்துக்குப் பட்டம் தரும் கல்லூரி என்றால் சும்மா விடலாமா? ஒரு கன்னத்தில் நுரை காய்வதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

குளிராத ஃபிரிட்ஜ், துணியைக் கடித்து வைக்கும் வாஷிங் மெஷின், வாங்கிய மறுநாளே மூச்சை விட்ட இஸ்திரிப் பெட்டி: இவற்றை விற்கும் கம்பெனிகளுக்குத் திட்டு வாங்க நேரமில்லை. அதனால் திட்டு வாங்கும் வேலையை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். குத்தகை எடுத்தவரின் கட்டடம்தான் அது. கீழ் இரண்டு மாடிகளில் வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தாங்கள் செய்யாத தப்புக்கு முன்பின் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். ஜன்னல்கள் உண்டு, திறக்காது. திறந்தால் ஏசி காற்று வெளியே போய்விடுமாம். அங்கே காற்றுக்குக்கூட வெளியே போக அனுமதி இல்லை என்பதை அப்போதே குறித்துக்கொண்டிருக்க வேண்டும் நான்.

சலூன்காரரின் மாப்பிள்ளையை எதிர் டீக்கடையில் பிடித்தேன். ஒல்லியான ஆள். ஹெட்போன் அழுத்தி அழுத்தி, தலைமுடியில் நிரந்தரமாக ஒரு பள்ளம். மாமனாரே வெட்டினாலும் அது மறையவில்லை.

"சொல்லுங்க சார், என்ன குறை?" என்றார். வாய்ப்பழக்கம்.

விஷயத்தைச் சொன்னதும் டீ புரையேறச் சிரித்தார்.

"மந்திரமாவது மண்ணாங்கட்டியாவது. எங்க மாமனாருக்கு எதையாவது ஊதிப் பெருசாக்கலன்னா தூக்கம் வராது. சார், எங்க ஃப்ளோர்ல ஹெட்போனைக் கழட்ட ரெண்டே வழிதான். ஒண்ணு சாப்பாட்டு நேரம். இன்னொண்ணு, சூப்பர்வைசர்கிட்ட போய் 'நான் வேலையை விடறேன்'னு சொல்றது. சொன்ன உடனே மூணாவது மாடிக்கு அனுப்பிடுவாங்க. அங்க முழுசா அரை மணி நேரம். ஹெட்போன் கிடையாது, திட்டு கிடையாது, சாய்ஞ்சு உக்கார நாற்காலி. எதிர்ல ஒருத்தங்க, நாம பேசறதைக் கேக்குறதுக்குன்னே. நாள் பூரா ஊர்க்காரன் புலம்பலை நாங்க கேக்குறோம். எங்க புலம்பலைக் கேக்க ஒரு ஆளு வேணாமா?"

"அப்போ யாரும் விடறதுக்காகப் போகலையா?"

"தலைவலின்னா ராஜினாமா. பொண்டாட்டியோட சண்டைன்னா ராஜினாமா. போன மாசம் ஒருத்தன் பல்வலிக்கு ராஜினாமா பண்ணினான்."

"சரி, அந்தக் கேள்வி?"

சிரிப்பு நின்றது. "அது வேற சார். அது ஒண்ணு இருக்கு. நிஜமாவே விடணும்னு போறவனையும் உக்கார வச்சிடும். அதை அவங்க வாயாலயே கேட்டுக்கங்க."

அந்த அம்மாவுக்கு அலுவலகம் வைத்த பெயர் பசை. நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் பசை, மரியாதை கொஞ்சம் மிச்சமிருந்தால் பசை மேடம். நாற்பதைத் தொடப் போகிறவர். குரலில் அவசரம் என்பதே இல்லை. அவர் அறை முன்பு உடைந்த ஹெட்போன்களைப் போட்டுவைக்கும் இடமாக இருந்தது. சுவரில் அலமாரி இன்னும் இருக்கிறது. ஜன்னல் இல்லை. அந்தக் குறை தெரியக் கூடாதென்று மேனேஜர் ஓர் அருவிப் படத்தை ஒட்டிவைத்திருக்கிறார். கதவு உள்பக்கமாகத் திறப்பது. உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால், திறப்பதற்கு இரண்டு பேரும் எழுந்து நாற்காலியை ஒதுக்க வேண்டும். வெளியே போக நினைப்பவர் பொசுக்கென்று போய்விட முடியாது, உள்ளே இருப்பவரும் ஒத்துழைக்க வேண்டும்.

"இந்தக் கதவைத்தான் முதல்ல மாத்தணும்னு மூணு வருஷமா சொல்றேன்" என்றார், என் முழங்காலை மேசைக்கு அடியில் செருக இடம் விட்டபடி.

கீழே ஹெட்போன் மாட்டித்தான் அவரும் தொடங்கினார். எதிர்முனை கத்தும்போது மற்றவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள், இவர் சும்மா இருப்பார். கத்துகிறவருக்கு மூச்சு வாங்கும். அப்போது, "தண்ணி குடிச்சீங்களா?" என்பார். எப்படிப்பட்ட கொம்பனும் அதற்குமேல் கத்தியதில்லை. இதைக் கேள்விப்பட்ட மேனேஜர் அவரை ஆள் எடுக்கும் பிரிவுக்கு மாற்றினார். பிறகு எங்கோ ஒரு விளம்பரத்தைப் பார்த்தார்: மனவியலும் வணிக நிர்வாகமும் கலந்த முதுநிலைப் பட்டம், மாலை வகுப்பு, இரண்டு ஆண்டு.

"மனசும் தெரிஞ்சிருக்கும், கணக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றாராம் மேனேஜர். "ஒரு சம்பளம், ரெண்டு ஆளு. போய்ப் படிங்க."

வகுப்பு நாட்களில் சீக்கிரம் கிளம்பலாம். பதிலுக்கு, பட்டம் கைக்கு வரும்வரை வேலையை விடக் கூடாது. பட்டம் வந்த மறுநாளே எங்கே வேண்டுமானாலும் போகலாம். பசை மேடம் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம் என்ன பெரிய இரண்டு வருடம்?

படிப்பைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டபோது, இது யாரையோ பழிவாங்க வகுத்த பாடத்திட்டமோ என்று தோன்றியது. மனவியல் துறை ரோட்டுக்கு இந்தப் பக்கம். வணிகத் துறை அந்தப் பக்கம். இரண்டும் கலந்தது என்று விளம்பரத்தில் இருந்ததே தவிர, கலக்கும் வேலையை மாணவர்கள்தான் ரோட்டைக் கடந்து கடந்து செய்யவேண்டியிருந்தது. இந்தப் பக்க வகுப்பில், "மனிதனைப் பயன்படுத்தப் பார்க்காதே, புரிந்துகொள்ளப் பார்" என்பார்கள். லாரிக்குத் தப்பி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால், "புரிந்துகொண்டாயா? நல்லது. இனி அதைப் பயன்படுத்து" என்பார்கள். ஆய்வுக்கு வழிகாட்டிகளும் இரண்டு பேர். இந்தப் பக்கம் ஒரு பேராசிரியர், அந்தப் பக்கம் ஒரு பேராசிரியர். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. சண்டையெல்லாம் இல்லை, ரோட்டைக் கடக்கச் சோம்பல்.

ஆய்வுத் தலைப்பைப் பசை மேடமே தேர்ந்தெடுத்தார்: வேலையை விடப்போவதாகச் சொல்பவர்கள் ஏன் விடுவதில்லை? அப்படிச் சொன்னவர்களைத் தேர்ந்து, அவர்களோடு அடிக்கடி பேசி, இரண்டாம் ஆண்டின் முடிவில் கடைசியாக ஒரு பேட்டி எடுக்க வேண்டும். அந்தக் கடைசிப் பேட்டியின்போது குறைந்தது எட்டுப் பேராவது அதே வேலையில் இருக்க வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் ஆய்வு செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவருக்குச் சம்மதம் சொன்னவர்கள் சரியாக எட்டுப் பேர்தான். சலூன்காரரின் மாப்பிள்ளை அதில் ஒருவர்.

கணக்கு இப்படி முடிந்தது: அந்த எட்டுப் பேரும் கட்டடத்துக்குள் இருந்தால்தான், இந்த ஒருத்தி கட்டடத்தை விட்டு வெளியே போகலாம்.

வெளியே போக அவருக்கு இடமும் இருந்தது. கூடப் படித்த தோழி ஒருத்தி, பள்ளிப் பிள்ளைகளின் மனக்கவலையைக் கேட்கச் சின்னதாக ஓர் இடம் தொடங்கியிருந்தாள். இரண்டு நாற்காலி. ஒன்று தோழிக்கு. இன்னொன்றுக்கு, "பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் யாரையும் உக்கார விட மாட்டேன். அதுக்குள்ள பட்டத்தோட வந்துடுடி. அதுக்கு மேல என்னால தாங்காது" என்று கெடு வைத்திருந்தாள். அந்த இடத்தில் ஜன்னல் இருந்தது. திறக்கும் ஜன்னல். அதைப் பற்றிப் பசை மேடம் பேசும்போது அருவிப் படத்தைப் பார்க்காமல் பேசினார்.

இனி அந்தக் கேள்வி. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. வேலையின்மேல் ஒருவருக்கு எவ்வளவு ஒட்டுதல் என்று அளக்கத் தெரியாமல் தடுமாறி, முதல் ஆளிடம் வாய்க்கு வந்ததைக் கேட்டிருக்கிறார்:

"நாளைக்கு நீங்க இல்லன்னா, உங்க நாற்காலியில யார் வந்து உக்காந்தா உங்களுக்குப் பிடிக்காது?"

அந்த ஆள் கொஞ்ச நேரம் யோசித்தாராம். மனதில் ஒரு முகம் வந்தது. தாடை இறுகியது. "அவனா? என் நாற்காலியிலயா?" என்றபடி எழுந்து, வந்த காரியத்தை மறந்து, கீழே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவர் பதில்கூடச் சொல்லவில்லை, பல்லைக் கடித்தது மட்டும் கேட்டது. ஆள் தங்குவது பாசத்தால், விசுவாசத்தால், முன்னேற்றத்தால் என்று பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தன. பசை மேடம் கண்டதோ, ஆள் தங்குவது பக்கத்து வரிசைக்காரன்மேல் உள்ள வயிற்றெரிச்சலால்.

"அவங்க விடறதுக்காக வரல, நாற்காலியில சாய்ஞ்சுக்க வந்தாங்கன்னு மாப்பிள்ளை சொல்றாரே?" என்றேன்.

"தெரியும் சார். ஆரம்பத்துலயே தெரிஞ்சிடுச்சு. பல்வலிக்காரர் வந்தப்போ கன்னம் வீங்கியே இருந்துச்சு. ஆனா சில பேரு நிஜமாவும் வருவாங்க. யாரு எதுக்கு வந்தாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சிக்கிறதுக்குள்ள நான் அந்தக் கேள்வியைக் கேட்டுடறேன். பயம் சார். எட்டு ஏழாயிடுமோன்னு."

இந்தப் பக்கப் பேராசிரியரிடம் கொண்டுபோனார். "நீங்க கேக்குறதே அவங்களைப் பிடிச்சு வைக்குதேம்மா. அப்புறம் அவங்க ஏன் தங்கறாங்கன்னு என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? கேள்வியை நிறுத்துங்க" என்றார் அவர். ரோட்டைக் கடந்தார். "எதை வேணா நிறுத்துங்க, இதை நிறுத்தாதீங்க. உலகத்துக்கே விக்கலாம்" என்றார் அந்தப் பக்கப் பேராசிரியர். நிறுத்தினால் ஆள் போய்விடும், ஆய்வு செல்லாது. நிறுத்தாவிட்டால் ஆள் இருக்கும், ஆய்வு கெடும். திரும்பி வரும்போது ரோட்டு நடுவில் நின்று ஒரு நிமிடம் அழுததாகச் சொன்னார். பின்னால் வந்த பஸ்காரர் ஹார்ன் அடித்து அதையும் முடித்துவைத்தார்.

வீட்டில் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டே பிரேக்கை மிதிக்கும் தொழில். "ஏம்மா, எட்டு ஏழாயிடுமோன்னு ஏன் அலையற? என்னையும் சேத்துக்க. கல்யாணமான நாள்லேருந்து போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டு இங்கேயே கிடக்குறேனே."

"போயிருந்தா நான் எப்பவோ பட்டம் வாங்கியிருப்பேன்."

"பார்த்தியா, பார்த்தியா. என் நாற்காலியில யாரு உக்காந்தா எனக்குப் பிடிக்காதுன்னு ஒரு வார்த்தை கேக்கல."

"உங்க நாற்காலியில யாரும் உக்கார மாட்டாங்க. ஸ்பிரிங் போயிடுச்சு."

இதற்கிடையில் மேனேஜர் கீழே வாசலில் ஒரு பலகை மாட்டினார்: இந்த ஆண்டு விலகியோர் எண்ணிக்கை, சுழியம். வருகிற விருந்தாளிகளை எல்லாம் அதன் முன் நிறுத்திப் படம் எடுத்தார். பசை மேடத்துக்குப் புது நாற்காலி வந்தது, பதவி உயர்ந்தது. எல்லாம் கூடக் கூட, அறை மட்டும் சின்னதாகிக்கொண்டே போனது.

ஒருநாள் துணிந்து மேனேஜரிடம் கேட்டேவிட்டார். ஆய்வு முடியுமோ முடியாதோ, பட்டத்துக்கு முன்னாலேயே என்னை விட்டுவிட முடியுமா?

மேனேஜர் விரல்களைக் கோத்துக்கொண்டு, கனிவாக, தண்ணீர் டம்ளரை நகர்த்திக் கொடுத்தார். பிறகு கேட்டார்:

"உங்க நாற்காலியில யார் வந்து உக்காந்தா உங்களுக்குப் பிடிக்காது?"

"கேவலம் என்னன்னா சார்," என்றார் பசை மேடம் என்னிடம், "எனக்கும் ஒரு மூஞ்சி வந்துச்சு. அந்த ரெண்டாவது மாடி சூப்பர்வைசர். எழுந்து வந்து என் ரூம்ல உக்காந்துட்டேன்."

கடைசிப் பேட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை ஐந்தாம் முறையாக மேலே ஏறினார். அறைக்குள் நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இருவரும் ஒரேமாதிரி சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

எப்போதும் வெறுங்கையோடு வருகிறவர், அன்று கையில் ஹெட்போனோடு வந்தார். வயரை ஒழுங்காகச் சுற்றி, ரப்பர் போட்டிருந்தார். காதில் படும் பஞ்சுகளைக் கழற்றித் தனியாக ஒரு கவரில் வைத்திருந்தார். வேலைக்குச் சேரும் அன்று கொடுப்பார்கள் அதை. விட்டுப் போகும் அன்று வாங்கிக்கொள்வார்கள். இரண்டு வருடமாக அந்த மேசைக்கு ஒரு ஹெட்போன்கூட வந்ததில்லை.

"கூட்டாளி ஒருத்தன் ஃபிரிட்ஜ் ரிப்பேர்க் கடை போடறான் மேடம். பாதி எனக்கு. இத்தனை வருஷம் போன்ல கேட்டுக் கேட்டு, எந்தச் சத்தம் வந்தா எது போயிடுச்சுன்னு எனக்கு அத்துப்படி. நாளைக்குத் திறக்குறோம்."

பசை மேடம் வாயைத் திறந்தார்.

"வேணாம் மேடம், அதைக் கேக்காதீங்க" என்று மாப்பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பிறகு தானே கையை எடுத்தார். "சரி, கேட்டாலும் பரவாயில்ல. இந்தத் தடவை யோசிச்சுப் பார்த்துட்டேன். யாரு வேணா உக்காரட்டும். அவனே உக்காரட்டும். நாற்காலியில ஒரு ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு, அதையும் அவனே வச்சிக்கட்டும்."

கேள்வி தீர்ந்துபோயிற்று. இரண்டு வருடத்தில் முதல்முறையாக, அந்த அறையில் பசை மேடத்திடம் கேட்பதற்கு எதுவும் இல்லை.

"ஆறு வாரம் இருங்களேன்" என்றார். "இது படிப்புக்காகக் கேக்குற கேள்வி இல்ல. நான் கேக்குறேன். எனக்காக. நீங்க எட்டாவது ஆளு. நீங்க போயிட்டா நான் இங்கேயே கிடக்கணும்."

மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். எதிரில் இருக்கும் ஆளுக்கும் ஒரு குறை இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது என்று என்னிடம் சொன்னார்.

"கடையில நாளைக்கு நான் இல்லன்னா கூட்டாளி வேற ஆளைப் போட்டுடுவான் மேடம்."

"தெரியும்."

"இதை நாலாவது தடவை வந்தப்போ சொல்லியிருந்தீங்கன்னா, சத்தியமா இருந்திருப்பேன். அப்போ கடை இல்ல."

"அப்போ சொல்லக் கூடாதுன்னு ஆய்வு விதி."

"இப்போ?"

"இப்பவும் கூடாது. சொல்லிட்டேன்."

இரண்டு பேரும் எழுந்தார்கள். நாற்காலிகளை ஒதுக்கினார்கள். கதவு திறந்தது. வாசற்படியில் நின்று மாப்பிள்ளை திரும்பினார்.

"மேடம், எத்தனை அரை மணி நேரம் என் புலம்பலைக் கேட்டிருக்கீங்க. நான் ஒரு தடவைகூட உங்களைக் கேட்டதில்ல. அதுல ஒரு அரை மணி நேரமாவது நான் திருப்பித் தரணும். வந்து உக்கார்றேன். நீங்க பேசுங்க, நான் கேக்குறேன். கேக்குறதுல நானும் லேசுப்பட்ட ஆளு இல்ல."

"வாங்க" என்றார் பசை மேடம், ஹெட்போனை அலமாரியில் வைத்தபடி.

ஆய்வு செல்லாமல் போனது. வணிகப் பேராசிரியர், "அதுக்கென்ன, வேற யாரையாவது எட்டாவதா போட்டுடுங்க" என்றார். மனவியல் பேராசிரியர் முடியவே முடியாது என்றார். இந்த ஒரு விஷயத்துக்காக அவர் ரோட்டைக் கடந்து போய்ச் சொன்னது அந்தக் கல்லூரி சரித்திரத்திலேயே முதல்முறையாம். பள்ளிக்கூடம் திறந்தது. தோழியின் இரண்டாவது நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண்தானாம். பலகையில் சுழியத்தை அழித்து ஒன்று என்று எழுத மேனேஜருக்கு மனம் வரவில்லை. பலகையையே எடுத்துவிட்டார். பசை மேடம் புதிதாகச் சம்மதம் வாங்கிக்கொண்டிருக்கிறார். இதுவரை ஐந்து பேர்.

வதந்தி உண்மையா பொய்யா என்று சலூன்காரர் கேட்டார். ஒருவரைத் தவிர உண்மை என்றேன். அந்த ஒருவர் யார் என்பது தெரியாததுபோல் மீசையைக் கத்தரித்தார்.

ஃபிரிட்ஜ் கடைக்குப் போனேன். மாப்பிள்ளை தரையில் படுத்து, ஒரு கம்ப்ரெஸரின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தலையில் இருந்த பள்ளம் மறைந்திருந்தது. அந்த அரை மணி நேரம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அய்யோ, போகணும் சார். நினைச்சிக்கிட்டேதான் இருக்கேன். வெயில் காலமா, ஊர்ல இருக்கிற ஃபிரிட்ஜெல்லாம் ஒண்ணா படுத்துடுச்சு. இந்த வாரம் முடியாது. அடுத்த வாரம் கண்டிப்பா. அவங்களைப் பார்த்தா சொல்லிடுங்க, மறக்கலன்னு."

சொன்னேன். பசை மேடம் தலையாட்டினார். அடுத்த வாரமும் போயிற்று. மாப்பிள்ளை இன்னும் போகவில்லை.